குருவி மூக்கு

நெட்டியேந்தல்
14.9.2025

அக்கா தமிழ்வாணிக்கு முகேஷ் எழுதுவது.

இங்கே அப்பா, அம்மா, நாகஜோதி, பாப்பா எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கச் சொன்னது அம்மா. கேட்டுவிட்டேன்.

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். ஒத்தக்கடைக்குப் போய் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கோச்சடையில் உன் வீட்டு வாசலில் நிற்கலாம். நின்றால் அங்கேயே சண்டை போட்டுவிடுவேன், உன் ஹவுஸ் ஓனர் முன்னால் அது வேண்டாம் என்றுதான் தபாலில் எழுதுகிறேன். தபாலைப் பாதியில் கட் பண்ண முடியாது.

நம் குருவிக்கருப்பன் கோயில் கத்தியை முந்தாநாள் தொல்லியல் ஆபீஸ்காரர்கள் ஜீப்பில் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேலத்தெரு காளை மனுப் போட்டிருக்கிறான். மனுவோடு என்ன வைத்திருந்தான் தெரியுமா? நீ எழுதிய கட்டுரையின் ஜெராக்ஸ். அதில் மஞ்சள் கோடு போட்ட இடத்தை ஆபீசர் எல்லோர் முன்னாலும் வாசித்தார். "இது அரசகுலத்தாருக்குரிய வாள். உழவுக்கூலிகளின் இச்சிறு கோயிலுக்கு எவ்வாறு வந்தது என்பது தெரியவில்லை. பிடியின் உச்சியிலுள்ள அன்னப்பறவையின் மூக்கு உடைந்துள்ளது."

"அவுக வீட்டுப் பொண்ணே எழுதிருக்குதுல்ல. அரமணைக் கத்தி இவுக கைக்கு எப்புடி வரும்? களவாண்டதுதான்" என்றான் காளை. பரம்பரையாக அந்தக் கத்தியைப் பிடித்துச் சாமியாடுவது நம் அப்பா வீரணன். அவர் தலை குனிந்து நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எங்கள் கோயில்" என்று ஒரு வார்த்தை எழுத உனக்கு என்ன கேடு வந்தது? டாக்டர் பட்டம் வாங்கினால் ஊர் மறந்துபோகுமா? அன்னமாம், மூக்கு உடைந்துள்ளதாம். உன்னைவிட காளை மேல். அவன் எப்போதும் எதிரி.

மாசி சிவராத்திரிக்குள் கத்தி கோயிலுக்கு வந்தாக வேண்டும். நீ கெடுத்தாய், நீயே சரி பண்ணு.

வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னது அம்மா.
முகேஷ்

---

கோச்சடை
20.9.2025

தம்பி முகேஷுக்கு வாணி அக்கா எழுதுவது.

நான் நலம், அம்மாவிடம் சொல். அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கிக் கொடு. பாப்பா பவதாரிணி பேச ஆரம்பித்துவிட்டாளா? மூன்று வயது ஆகப்போகிறது. போன பொங்கலுக்கு நான் வந்தபோது ஒரு சொல்கூட வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவும் இல்லை. டாக்டரிடம் காட்டினீர்களா?

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். அந்தக் கத்தியின் போட்டோவை எடுத்தது யார்? அந்த அறைக்குள் பெண்கள் கால் வைக்கக்கூடாது. பிறந்து வளர்ந்த ஊரில் அதன் பிடியை நான் ஒருமுறைகூடப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. கத்தியே ஆணுக்குத்தான், ஆராய்ச்சி செய்தவள் மட்டும் பெண். போன வருஷம் விளக்கு வெளிச்சத்தில் செல்போனில் எடுத்து எனக்கு அனுப்பியது நீ. "எக்கா, ஒன் ஆராய்ச்சியில போடு, நம்ம சாமி பேரு வெளிய தெரியட்டும்" என்று கீழே எழுதியதும் நீ. இதைத் தெருவில் சொன்னாயா? அம்மா போனில் அழுகிறது, நான் திருட்டுத்தனமாக உள்ளே போய் எடுத்தேன் என்று எல்லோரும் பேசுகிறார்களாம். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாயாம்.

அந்தக் கத்தியைப் பற்றி நான் எழுதியதில் பொய் இல்லை. அதன் பட்டை, வெட்டுகிற அலகு, கப்பலில் வந்தது, பறங்கி தேசத்து இரும்பு. விரலை மூடும் அந்த வளைவும் பறங்கியர் வாளைப் பார்த்து இங்கே செய்ததுதான். பிடியில் ஓடும் கொடியும் பூவும் பாரசீகத்து வேலை, தக்காணத்துச் சுல்தான்கள் பட்டறையில் பழகிய கை. மேலே பறவைத் தலையோ மிருகத் தலையோ வைப்பது நம் பக்கத்து ஆசை. தஞ்சாவூரில் கிளி, மைசூரில் யாளி, இன்னும் மயில், அன்னம் என்று எத்தனையோ பிடிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே கத்தியில் நாலு தேசம் இருக்கிறது. அதைச் சொன்னால் உனக்குக் கோபம்.

மூக்கு உடைந்திருந்தது, உடைந்தது என்று எழுதினேன். வேறு எப்படி எழுதுவது?

பாப்பாவுக்கு முத்தம். உனக்கு இல்லை.
வாணி

---

நெட்டியேந்தல்
5.10.2025

அக்காவுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். மாத்திரை வாங்கியாயிற்று.

நாலு தேசம் என்கிறாய், சரி. பட்டையில் ரெண்டு பக்கமும் கருக்கருவாள் பொறித்திருக்கிறதே, அது யாருடையது? நெல் அறுக்கிற நம் சனத்தின் அடையாளம் என்று அப்பா சொல்வார். அதுவும் பறங்கி முத்திரை என்று சொல்லிவிடாதே, அவர் உயிரை விட்டுவிடுவார்.

மூக்கு உடையவில்லை. அது தேய்ந்தது. பேச்சு வராத பிள்ளைகளுக்குச் சிவராத்திரியன்று நாக்கில் மருந்து தடவுவார்களே, அதை எப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்தாய்? உள்ளே ஒரு கல் இருக்கிறது. அதில் வசம்பும் தேனும் விட்டு நீ அன்னம் என்று எழுதிய அந்தக் குருவியின் மூக்கால் உரைப்பார்கள். எத்தனை தலைமுறைப் பிள்ளைகளுக்கு உரைத்தார்களோ, மூக்கு கரைந்து மொட்டையாகிவிட்டது. உனக்கும் மூன்று வயசு வரைக்கும் பேச்சு கிடையாது. உனக்கும் அப்பாதான் உரைத்துக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் வாய் திறந்தாய். அந்த வாயால்தான் இன்று மைக் பிடித்து "உடைந்துள்ளது" என்கிறாய்.

வேறு எழுத ஒன்றும் இல்லை. வெயிலில் அலையாதே.
முகேஷ்

---

கோச்சடை
11.10.2025

முகேஷுக்கு,

நலம். பவதாரிணியைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீ ஒரு வரியும் எழுதவில்லை. போட்டோவைப் பற்றியும் எழுதவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குற்ற உணர்ச்சி என்று நினைக்காதே. ஆத்திரம். எனக்கு நாற்பது வயது நெருங்குகிறது. வாள் பிடிகளில் பறவைகளைத் தேடி ஹைதராபாத், பரோடா, கொழும்பு என்று அலைந்து, எவன் எவனோ வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்றேன். என் நாக்கில் தடவிய பறவை எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்திருக்கிறது, எனக்கு யாரும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஆண்கள் உரைப்பீர்கள். வெற்றிலையில் மடித்து வெளியே கொடுப்பீர்கள். கையை ஏந்தி வாங்குகிற பொம்பளைகளுக்கு அது வெறும் தேனும் வசம்பும். அம்மாவுக்கே தெரியாது, நேற்றுக் கேட்டேன். "எனக்கென்னத்தா தெரியும், குடுத்தாக, வாங்கித் தடவுனேன்" என்கிறது.

கதவுக்கு உள்ளே நடப்பதைச் சொல்லவும் மாட்டீர்கள், வெளியே நிற்பவளுக்குத் தெரியவில்லை என்று திட்டவும் செய்வீர்கள். நன்றாயிருக்கிறதுடா உங்கள் நியாயம். நான் எழுதிய "தெரியவில்லை" என்ற சொல்லை எனக்குக் கொடுத்தது நீங்கள்தான்.

"எங்கள்" என்று எழுதத்தான் செய்தேன். கட்டுரை போட்ட இதழில், ஆய்வாளர் சொந்தக்காரியாக இருந்தால் மதிப்பு இருக்காது, எடுத்துவிடு என்றார்கள். எடுத்தேன். அதற்கு நீ திட்டலாம், வாங்கிக்கொள்கிறேன். மற்றதற்கு இல்லை.

அம்மாவை முட்டி வலிக்குத் தைலம் போடச் சொல்.
வாணி

---

கோச்சடை
9.11.2025

முகேஷுக்கு,

தீபாவளிக்கும் பதில் இல்லை. அம்மா போனில் எல்லோரும் நலம் என்கிறது, பாப்பாவைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறது.

கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், ஒரு காரியம் கேட்கிறேன். தொல்லியல் ஆபீசுக்குப் போய் அங்கே பெரிய அதிகாரியாக இருக்கும் மேடத்தைப் பார்த்தேன். கத்தி அங்கே துணி சுற்றி பீரோவில் இருக்கிறது. பரம்பரையாக உங்கள் கையில் இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார். பட்டயம் இருக்கிறதா, சாசனம் இருக்கிறதா என்கிறார். நமக்கு யார் பட்டயம் எழுதிக் கொடுத்தார்கள்? கருக்கருவாளைச் சொல்லலாம் என்றால் அந்த முத்திரை நூற்றுக்கணக்கான வாள்களில் இருக்கிறது, இத்தாலியில் தொடங்கியது. அப்பாவிடம் இதைச் சொல்லாதே.

அந்தக் கத்தியில் நம்முடையது என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, தேய்ந்துபோன மூக்கு. அதை வைத்துத்தான் கேட்க முடியும். அந்தக் கல் இன்னும் இருக்கிறதா? மூக்கு தேய்ந்தால் கல்லும் தேய்ந்திருக்கும். பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்த்து எழுது.

போட்டோ விஷயத்தை நான் மறக்கவில்லை.

குளிர் தொடங்கிவிட்டது, பாப்பாவுக்குக் காதை மூடிக் குல்லா போடு.
வாணி

---

நெட்டியேந்தல்
7.12.2025

அக்கா,

அப்பாவைத் தவிர எல்லோரும் சுகம். அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, என்னிடம் பேசுவதில்லை.

தெருக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். போட்டோ எடுத்தது நான், அனுப்பியது நான், அக்கா அந்த வாசலைக்கூட மிதிக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். "இம்புட்டு நாளு பொம்பளப் புள்ள தலையில ஏத்திட்டு ஊமையா இருந்தியேடா" என்று மலைச்சாமி சித்தப்பா கேட்டார்.  சூடம் ஏற்றும் தட்டை இனி நான் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உனக்குத் திருப்தியா?

கல்லைப் பார்த்தேன். அம்மி போலத் தட்டைக் கல். நடுவில் ஒரு பள்ளம், என் சுண்டு விரல் பாதி முங்குகிறது. குருவி மூக்கின் பித்தளை நிறம் ஏறி மினுங்குகிறது.

பாப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். பேசவில்லை. அம்மா என்றுகூட வரவில்லை. பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டைக் கீழே போட்டாலும் திரும்புவதில்லை. இந்தச் சிவராத்திரிக்குக் குருவி மூக்கை உரைத்து வைத்தால் சரியாகிவிடும் என்று நாகஜோதியிடம் ஆடியிலேயே சொல்லி வைத்திருந்தேன். மறுமாசம் ஜீப் வந்தது. அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. இப்போது புரிகிறதா, நான் ஏன் உன்னை அப்படித் திட்டினேன் என்று?

கத்தி விஷயமாக ஆபீசில் ஜனவரி எட்டாம் தேதி விசாரணை.
முகேஷ்

---

கோச்சடை
13.12.2025

முட்டாளுக்கு,

மூன்று மாதமாகக் கேட்கிறேன். சாமி கத்தியைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் திட்டத் தெரிகிறது, பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது என ஒரு வரி எழுதத் தெரியவில்லை. சத்தம் கேட்காத பிள்ளைக்குப் பேச்சு எப்படியடா வரும்?

எனக்கு அப்போது காதில் ஒன்றுமில்லை, தாமதமாகப் பேசினேன், அவ்வளவுதான். மருந்தால் பேசினேனா, தானாகப் பேசினேனா என்று எனக்கும் தெரியாது. குருவியைத் தடவுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் காதைப் பார்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுவிட்டேன். கிடைத்தது ஜனவரி எட்டாம் தேதிதான், அதை விட்டால் மார்ச். நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. விசாரணைக்கு நான் போகிறேன். கல்லை மட்டும் எப்படியாவது ஆபீசுக்கு அனுப்பு.

நாகஜோதியிடம் நான் கேட்டதாகச் சொல்.
வாணி

---

நெட்டியேந்தல்
3.1.2026

அக்கா,

டோக்கன் சீட்டு வந்தது. நாங்கள் போகிறோம்.

கல்லைக் கொண்டுவர ஒரு ஆண்பிள்ளையும் சம்மதிக்கவில்லை. கோயில் கல்லை ஆபீஸ் மேசையில் வைத்தால் குற்றமாகிவிடும் என்கிறார்கள். அப்பா எழுந்து வயலுக்குப் போய்விட்டார். எல்லோருக்கும் கத்தி வேண்டும், கல்லைத் தூக்க ஆள் இல்லை. எரிச்சலில் நானே உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்து வீட்டு முற்றத்தில் வைத்தேன். அம்மா பார்த்தது. "என்ன, ஒரு ஆட்டுக்குட்டி கனம் இருக்குமா? சாக்கு ஒண்ணக் கொண்டா, நான் மடியில வச்சுக் கொண்டுபோறேன்" என்று சொல்லிவிட்டது.

பஸ் ஏற்றிவிடுகிறேன். மாட்டுத்தாவணியில் நீ வந்து நில்.
முகேஷ்

---

கோச்சடை
10.1.2026

அன்புத் தம்பிக்கு,

அம்மாவைப் பத்திரமாக அனுப்பியதாகப் போனில் சொன்னேனே தவிர, நடந்ததைச் சொல்லவில்லை. பாப்பாவுக்கு ரிசல்ட் வந்ததும் எழுது.

மேடம் பீரோவைத் திறந்து கத்தியை மேசையில் வைத்தார். முதல்முறையாக அதைக் கையில் எடுத்தேன், முகேஷ். நான் நினைத்ததைவிட லேசாக இருந்தது. பறவையின் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். உடைந்திருந்தால் சொரசொரப்பு இருக்கும். வழுவழுவென்று இருந்தது. உன் போட்டோவில் அது தெரியவில்லை.

அம்மா சாக்கைப் பிரித்துக் கல்லை வைத்தது. பறவையைத் தலைகீழாகப் பிடித்துப் பள்ளத்தில் இறக்கினேன். சாவி போட்ட மாதிரி உட்கார்ந்தது. மேடம் எழுந்து வந்து தானே இரண்டு தடவை எடுத்து வைத்துப் பார்த்தார்.

காளை விடவில்லை. "எங்கயோ கெடந்த கல்லக் கொண்டாந்து வச்சா ஆச்சா மேடம்? அரமணைக் கத்தியில எவனாச்சும் மருந்து அரைப்பானா?"

மேடம் அம்மாவைப் பார்த்து, "இந்தக் கல்லு எதுக்கும்மா?" என்றார்.

"நான் உள்ள போனதில்ல தாயி. பேசாத புள்ளைக்கு இதுலதான் ஒரைச்சுக் குடுத்திருக்காக. எனக்கே இப்பத்தான் சொன்னாக."

"எந்தப் புள்ளைக்கும்மா குடுத்தாங்க?"

"இந்தா, ஒங்க முன்னால வாய் ஓயாமப் பேசுறாளே, இவளுக்கு." அப்புறம் நம் அம்மா காளையின் பக்கம் திரும்பியது. "ஏம்ப்பா காளை, ஒனக்கு நாலு வயசு மட்டும் பேச்சில்ல. ஒங்காத்தா பொழுது சாஞ்சு எங்க கொல்லப் பக்கமா வந்து நின்னுச்சு, ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு அழுதுச்சு. நான்தான் கோயில்ல வாங்கின வெத்தலை மடிப்ப ரகசியமாக் கொண்டாந்து குடுத்தேன். களவாண்ட கத்தின்னு அப்ப ஒங்காத்தாவுக்குத் தெரியலையாப்பா?"

 காளை செல்போனை எடுத்து எதையோ பார்த்தான். அவனுக்கும் பேச்சு வந்தது அந்தக் குருவியால் என்று நினைத்தால் எனக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

கட்டுரைக்குத் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். "எங்கள் கோயில்" என்று தொடங்குகிறது. அந்த இதழ் போடாவிட்டால் வேறு இடத்தில் போடுவேன்.

அம்மாவைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்.
வாணி

---

நெட்டியேந்தல்
1.2.2026

அக்காவுக்கு,

கத்தி வந்துவிட்டது. பதிவு செய்து நம்பர் போட்டு, கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. அப்பா இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார். இன்னும் என்னோடு பேசவில்லை.

பாப்பாவுக்கு இரண்டு காதும் மந்தம். முழுக்க இல்லை. மிஷின் வைத்திருக்கிறோம். பிடுங்கிப் பிடுங்கி எறிகிறாள். பழகணும், பொறுமையா இருங்க என்று டாக்டர் சொன்னார். நாகஜோதி திரும்பத் திரும்ப மாட்டிவிடுகிறாள்.

தெருக் கூட்டத்தில் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. கத்தியை மீட்டது வாணிதான், சிவராத்திரிக்குக் கூப்பிட்டு மரியாதை செய்வோம் என்று முடிவு. உனக்குச் சேலை எடுத்திருக்கிறார்கள். உரைக்கும்போது நீ வாசலை ஒட்டி, மற்ற பெண்களுக்கு முன்னால் நிற்கலாம் என்றும் சொன்னார்கள்.

வந்துவிடு.
முகேஷ்

---

கோச்சடை
5.2.2026

தம்பிக்கு,

பாப்பா எறிந்தால் எறியட்டும், நீங்கள் மாட்டிக்கொண்டே இருங்கள். நாகஜோதிக்கு என் அன்பு.

நான் வரவில்லை.

வாசலை ஒட்டி நிற்கலாமாம். எம்புட்டுப் பெரிய மனசு. வெளியே நின்றதால்தானே நான் தப்பாக எழுதினேன்? அந்தத் தப்பால்தானே கத்தி ஜீப்பில் போனது? ஆண்பிள்ளைகள் எல்லாம் குற்றமாகிவிடும் என்று ஒதுங்கியபோது கல்லை மடியில் வைத்துக் கொண்டுவந்தது ஒரு பொம்பளை. அதில் குருவி மூக்கைப் பொருத்திக் காட்டியது இன்னொருத்தி. வேலை முடிந்ததும் கதவுக்கு வெளியே, ஒரு சேலையோடு. சேலை எனக்கு எடுத்தார்கள், அம்மாவுக்கு என்ன எடுத்தார்கள்?

பவதாரிணியும் ஒருநாள் வளர்ந்து அந்த வாசலில் நிற்பாள். அவள் நாக்கில் எதைத் தடவினீர்கள் என்று அவளுக்கும் சொல்ல மாட்டீர்கள். சாத்திய கதவைப் பார்க்க நான் வர மாட்டேன், என்னைக் கூப்பிடாதே.

அப்பா உடம்பைப் பார்த்துக்கொள்.
வாணி

---

நெட்டியேந்தல்
11.2.2026

அக்கா,

அப்பா, அம்மா, நாகஜோதி, பாப்பா சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருக்கிறாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன்.

கதவைக் கழற்றிவிட்டேன்.

நேற்று ஒத்தக்கடையில் வயரிங் வேலை முடிந்து வந்தவன், டூல் பையோடு நேராகக் கோயிலுக்குப் போனேன். பழைய கதவு, கீல் எல்லாம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சுத்தியலால் அடித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. மலைச்சாமி சித்தப்பா என் சட்டையைப் பிடித்தார். இந்த வருஷம் சாமி இறங்காவிட்டால் என்னை ஊரை விட்டுத் தள்ளி வைப்போம் என்றார்கள். வையுங்கள் என்றேன்.

அப்பா வந்தார். இரண்டு மாசத்துக்குப் பிறகு என்னோடு பேசினார். "கதவில்லாத வீட்டுல சாமி எப்புடிடா இருக்கும்?"

"கையில கத்தி வச்சிருக்க சாமிக்குக் கதவு எதுக்குப்பா?" என்றேன்.

 அவர் கீழே சிதறிய ஆணிகளைக் குனிந்து பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டார். திரும்ப மாட்டுவதற்கா, தூரப் போடுவதற்கா என்று நான் கேட்கவில்லை. கதவு இப்போது நம் மாட்டுக்கொட்டத்தில் கிடக்கிறது. அம்மா அதன் மேல் வறட்டி அடுக்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சிவராத்திரி. பாப்பாவுக்கு நீதான் உரைக்க வேண்டும். வருகிறாயா இல்லையா என்று எழுது, தபால் வர நேரமில்லாவிட்டால் போன் பண்ணு. நான் கத்த மாட்டேன்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். கீலை அடிக்கும்போது பாப்பா வெளியே நாகஜோதி இடுப்பில் இருந்தாள், காதில் மிஷினோடு. இரண்டாவது அடிக்குத் திரும்பிப் பார்த்தாள், அக்கா.

முகேஷ்